கண்ணாடிக் கடை மாடியில் நடந்தது

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். கண்ணாடிக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், என் தங்கை, என் தம்பி, தம்பியின் மனைவி, நான். எட்டாவதாக யாரும் இல்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாக இப்போது நான்கு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வாசற்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கடைசியாக ஏறி வந்து தாழிட்டவன் நான்.

நாற்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதை எழுதி எடுத்தவன். யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிட்டு மற்றதை எழுதுவது என் பழக்கம்.

அந்த அறை கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. மற்ற நாட்களில் அங்கே கண் பரிசோதனை நடக்கும். ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டு வரை கடைக்காரர் அந்த அறையைத் தியானத்துக்கு விடுவார். கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிக் காசு வாங்குகிற மனுஷர், கண்ணை மூடச் சொல்லி இலவசமாகக் கூப்பிடுகிறார் என்று கண்டக்டர் ஒரு வேடிக்கை சொல்வார். வட்டமாக ஏழு நாற்காலிகள். ஒரு சுவரில் கடிகாரம், அதன் பக்கத்தில் எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும் பலகை. என் நாற்காலியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எனக்குத் தெரிந்தது. எழுபத்தொரு வயதில் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர்களுடைய முறை இதுதான். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு வரி பிரார்த்தனை: 'எல்லார் நெஞ்சும் திறக்கட்டும், என் நெஞ்சு முதலில்.' பிறகு மணி அடித்ததும் கண்ணை மூட வேண்டும். எட்டுக்கு வைத்த அலாரம் மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாது. பேசக் கூடாது. நடுவில் யாருக்காவது மனது வந்தால் வலது பக்கம் இருப்பவரிடம் கையை நீட்டலாம். அவருக்கும் மனது வந்தால் பிடித்துக்கொள்ளலாம். கட்டாயம் இல்லை. சில சமயம் யாராவது விம்முவார்கள், முனகுவார்கள், உடம்பு ஆடும். அதைத்தான் அவர்கள் 'திறக்கிறது' என்பார்கள். அந்த நேரத்தில் அவரை யாரும் தொடவோ கூப்பிடவோ கூடாது. தொட்டால் மூடிக்கொண்டுவிடுமாம்.

இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் அங்கே போனது தங்கை கூப்பிட்டதால்.

என் அப்பா முப்பது வருடம் தலைமையாசிரியர். அவர் நடந்து வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். அவர் இறந்த மறு வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் படத்தை மாட்டினார்கள். முந்நூறு பேர் இருந்தார்கள். நான் பேசினேன். பிறகு தம்பியைப் பேசக் கூப்பிட்டார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். தலைமையாசிரியர் மகன் கையில் கிரீஸ் என்று அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. மேடை ஏறிப் பழக்கமில்லாதவன், இரண்டு வார்த்தை சொல்லி இறங்கிவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் சொன்னது இது. "எங்க அப்பா பெரிய மனுஷர்தான். நீங்க சொன்னது எல்லாம் நெசம். வீட்டுல எங்க அம்மாவை பெல்ட்டால அடிப்பாரு. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்க நின்னுக்கிட்டிருப்போம். படம் மாட்டுறதா இருந்தா இதையும் சேர்த்து மாட்டுங்க."

நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன். "என் தம்பிக்குக் கொஞ்ச நாளாகவே மனநிலை சரியில்லை. அவன் சொன்ன மாதிரி எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்" என்றேன். கை தட்டினார்கள். தம்பியின் தோளைப் பிடித்துப் படியிறக்கி விட்டேன். படத்தை மாட்டினார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு 'பெல்ட்' என்று பெயர் வந்தது. வேலைக்குப் போகிற இடமெல்லாம், "என்ன பெல்ட்டு, இந்தக் கயிறாவது நெசமா, இல்லே இதுவும் கதையா?" என்று கேட்பார்களாம். பெற்ற தகப்பன் மீதே பொய் சொன்னவன் என்று அவன் மாமனார் வீட்டில்கூட ஒரு பேச்சு இருந்தது. ஒன்பது வருடம் நான் அவனோடு பேசவில்லை. பார்க்க நேர்ந்தால் தங்கையிடம் சொல்வேன், அவள் அவனிடம் சொல்வாள். அவன் பக்கத்திலேயேதான் நிற்பான்.

போன வருடம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஆரம்பித்தாள்.

"பெரியண்ணே, அவனுக்கு இதயத்துல வால்வு கெட்டுப் போச்சு. அடுத்த மாசம் ஆபரேஷன்."

"நல்ல டாக்டரா பாக்கச் சொல்லு."

"டாக்டர் இருக்காரு. உன்கிட்ட டாக்டர் கேக்க வரலை. ஆபரேஷனுக்கு முன்னாடி நீ ஒரே ஒரு 'ஆமா' சொல்லணுமாம்."

"எதுக்கு ஆமா?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? என் வாயால வேற சொல்லணுமா? நான் அப்ப கைக்குழந்தைக்குக் கொஞ்சம் பெரியவ, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அம்மாவும் போயாச்சு. நீ பொய்யின்னு சொன்னா அவன் பொய்யன். அவன் பொய்யனாவே ஆபரேஷன் மேஜையில படுக்கணுமா?"

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அப்பா கற்றுக்கொடுத்த முறையில்.

"சரி, உன் வாயில முத்து உதிர்ந்துடும், திறக்க வேணாம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை கண்ணாடிக் கடை மாடிக்கு வா. அவனும் அவளும் ஒரு வருஷமா அங்கதான் போறாங்க. உன்னை அவனுக்கு வலது பக்கம் உட்கார வைக்கிறேன். அவன் கையை நீட்டுவான். நீ பிடிச்சா ஆமான்னு அர்த்தம். யாருக்கும் தெரியாது. எல்லாரும் கண்ணை மூடியிருப்பாங்க. அப்பா படம் அது பாட்டுக்கு சுவத்துல தொங்கட்டும். உன் மானமும் போகாது. போதுமா?"

"வரேன். பிடிப்பேனான்னு கேக்காதே."

"கேக்கலை. வா."

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தம்பி படிக்கட்டின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மனைவி பின்னால் முதுகைத் தாங்கி நின்றாள். ஆள் பாதியாகியிருந்தான். சட்டை மட்டும் பழைய அளவு.

"இந்த ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விட்டவன் நான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். "எனக்குன்னு பார்த்து வாய்ச்சது படிக்கட்டு."

மேலே நின்ற தங்கையைப் பார்த்து, "அவனைக் கைப்பிடியைப் பிடிச்சு ஏறச் சொல்லு" என்றேன்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு பெரியவர்கிட்ட சொல்லு" என்றான் தம்பி. சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் ஏறி முடிக்கும்வரை கீழ்ப்படியிலேயே நின்றேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

உட்கார்ந்தோம். தங்கை சொன்னபடி அவனுக்கு வலது பக்கம் நான். அவனுக்கு இடது பக்கம் ரொட்டிக் கடைக்காரர். அவன் மனைவி வட்டத்தில் நேர் எதிரே. பிரார்த்தனை சொன்னார்கள். 'எல்லார் நெஞ்சும் திறக்கட்டும்' வரைக்கும் நானும் உதட்டை அசைத்தேன். 'என் நெஞ்சு முதலில்' என்பதை விட்டுவிட்டேன். மணி அடித்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் கண்ணை மூடி உட்காருவது எங்கள் குடும்ப வழக்கம் இல்லை.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்டக்டர் லேசாகக் குறட்டை விட்டார். நான் பலகையின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு முப்பத்திரண்டுக்குத் தம்பி கையை நீட்டினான். கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. நேரத்தில் சந்தேகமில்லை.

உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. நகக்கண்ணில் கிரீஸ். விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன. அப்போது அவன் முனகினான். நெற்றியில் வியர்வை, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சில் ஒரு ஓசை. அந்த ஓசை கேட்டதும் வட்டத்தில் இருந்தவர்கள் முகமெல்லாம் இளகியது. அவனுக்குத் திறக்கிறது என்று நினைத்தார்கள். எதிரே அவன் மனைவி மூடிய கண்ணோடு புன்னகை செய்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது. என் தங்கை என் இன்னொரு பக்கத்தில் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடமாக அவர்கள் எல்லாரும் வேண்டிக்கொண்டது இதைத்தான். தொடக் கூடாது என்பது விதி. தொடவில்லை. அவர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள்.

நான் திறந்திருந்தேன்.

அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினேழு, அவனுக்குப் பத்து. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அம்மா. பெல்ட் விழும்போது ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் அம்மாவின் சத்தம். தம்பி கத்த வாயைத் திறந்தான். என் இடது கையால் அவன் வாயைப் பொத்தினேன். அக்கம்பக்கம் கேட்டால் என்ன ஆவது? அவன் பல் என் கையில் பதிந்தது. அம்மாவின் சத்தம் நிற்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. மறுநாள் அப்பா அதைத் தெரிந்துகொண்டு என் தோளைத் தட்டினார். அவர் என் தோளைத் தட்டியது அந்த ஒரு முறைதான்.

நீட்டிய கையைப் பிடித்தால் இதற்கெல்லாம் ஆமாம் என்று அர்த்தம்.

அவன் நடிக்கிறான் என்று நினைத்தேன். வியர்வையைப் பார்த்துவிட்டும் அப்படித்தான் நினைத்தேன். மனுஷன் இரக்கப்படும்படி மூச்சு வாங்கிக் காட்டி ஆமாம் வாங்கப் பார்க்கிறான் என்று. நீதிமன்றத்தில் மயங்கி விழுந்த சாட்சிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். என் கை முழங்கால் மேல் இருந்தது. அவன் விரலுக்கும் என் கைக்கும் ஒரு சாண் தூரம் இருக்கும். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். விதியை மீறி அந்த அறையில் கண்ணைத் திறந்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். நான் பலகையைப் பார்த்தேன்.

ஏழு முப்பத்தைந்துக்குக் கை கீழே விழுந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கியது. விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்குள்ளே ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியோடு இருபத்தைந்து நிமிடம் அவன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

எட்டுக்கு மணி அடித்தது. எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். "இன்னிக்குத் தம்பிக்கு நல்லாத் திறந்துடுச்சு" என்று ரொட்டிக் கடைக்காரர் சொன்னார். கண்டக்டர், "கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எழுந்திருப்பா" என்றார். அந்த வேடிக்கைக்காக அவர் பிறகு பல நாள் அழுதார்.

"என்னங்க" என்றாள் தம்பி மனைவி. மறுபடி, "என்னங்க." மூன்றாம் முறை அவள் கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்போ கஷ்டப்பட ஆரம்பிச்சார்?" என்று கேட்டார். தெரியாது என்றார்கள். என்னையும் பார்த்தார். நானும் தெரியாது என்றேன். "உடனே தூக்கிட்டு வந்திருந்தா ஒருவேளை பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். கண்ணாடிக் கடைக்காரர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி மனைவி என்னிடம் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியதில்லை.

"அத்தான், நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. அவர் கையை நீட்டினாரா?"

"நீட்டினான்."

"நீங்க பிடிச்சீங்களா?"

தங்கை என்னைப் பார்த்தாள். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை. தலையாட்டுவதை நாங்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலமாக எழுத மாட்டோம், வாயைத் திறந்து சொல்லச் சொல்வோம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பிறகு பேச்சு வளர்ந்தது. அண்ணன் கை பட்டதும் தம்பி நெஞ்சு திறந்ததாம். ஒன்பது வருடப் பகை ஒரு நொடியில் கரைந்ததாம். 'அண்ணே' என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனானாம். நான் அவனை மடியில் சாய்த்துக்கொண்டேனாம். கடையில், தெருவில், பஸ்ஸில் என்னைப் பார்க்கிறவர்கள் நின்று கும்பிட்டார்கள். அப்பாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாற்காலி போதவில்லை. ரொட்டிக் கடைக்காரர் ரொட்டிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். 'பெல்ட்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. "பாவம் பெல்ட்டு, பொய் சொன்னவனைக்கூட அண்ணன் மன்னிச்சார் பாரு" என்றார்கள்.

நானும் ஒவ்வொரு வாரமும் போனேன். போகாவிட்டால் பேச்சு வரும் என்பதற்காகத்தான் முதலில் போனேன். இப்போது கண்ணை மூடுகிறேன். மூடினால் ஒரு கை தெரிகிறது, கடிகாரம் தெரிகிறது. நெஞ்சு திறக்கட்டும் என்று முழு வரியையும் சொல்லிப் பார்க்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான்.

தம்பி மனைவி இப்போது என் இடது பக்கத்தில், அவன் இருந்த நாற்காலியில் உட்காருகிறாள். மணி அடித்த உடனே அவள் கை வரும். என் இடது கையை எட்டிப் பிடித்து, இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்வாள். எட்டு மணி வரை விட மாட்டாள். ஒரு நாள் படியிறங்கும்போது சொன்னாள்: "இந்தக் கையைத்தானே அத்தான் அவர் கடைசியா பிடிச்சாரு. இதைப் பிடிச்சுக்கிட்டா அவர் ஒண்டியாப் போகலைன்னு தோணுது." அவள் கை சூடாக இருக்கும். என்னால் அதை உதறவும் முடியவில்லை, வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. ஐம்பது ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று.

வருகிற ஞாயிறோடு வருடம் முடிகிறது. கண்ணாடிக் கடைக்காரர் நேற்று ஒரு தாளோடு வந்தார். அவர் அன்றிலிருந்து பாதியாகிவிட்ட மனுஷர். அழகான எழுத்தில் அடித்திருந்தார். 'இந்த அறையில், அண்ணன் கையைப் பிடித்தபடி, நெஞ்சு திறந்து...' என்று ஆரம்பம். கண்ணாடி போட்டு அறைச் சுவரில் மாட்டப் போகிறாராம்.

"பக்கத்துல இருந்தவர் நீங்க. சாட்சியா கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அந்தக் கை பிடிச்சதை நெனச்சுத்தான் நான் இன்னும் அந்த அறையைத் திறந்து வெச்சிருக்கேன்" என்றார்.

பொய்யான தாளில் நாற்பது வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தாளை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் போதாமல் மேலும் தாள் எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் நானே படிப்பேன். தம்பி மனைவி எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும், என் பக்கத்தில் வேண்டாம். படித்த பிறகு அவள் என்ன செய்தாலும் சரி. மாட்டுவதாக இருந்தால் இதையும் சேர்த்து மாட்டுங்கள். பள்ளிக்கூட மண்டபத்துக்கும் ஒரு பிரதி போகிறது.

என் தம்பி தகப்பனைப் பற்றிப் பொய் சொன்னதாக நான் மேடையில் சொன்னது தவறு. அவன் சொன்னது உண்மை. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன். அவன் வாயைப் பொத்தியவன் நான்.

கண்ணாடிக் கடை மாடியில் அண்ணன் தம்பியின் கையைப் பிடித்ததாகச் சொல்வதும் தவறு. தம்பி ஏழு முப்பத்திரண்டுக்குக் கையை நீட்டினான். ஏழு முப்பத்தைந்துக்கு அது விழுந்தது. நான் பிடிக்கவில்லை.